ஒரு யார்டு கோட்டில் திரும்பத் திரும்ப ஃபவுல்: ரெஃபரி நேரடியாக டச்டவுன் கொடுத்துவிடலாமா?

மூன்றாம்டவுன்

2025 ஜனவரி 26 அன்று நடந்த என்.எஃப்.சி. சாம்பியன்ஷிப் ஆட்டத்தை (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில், சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்று) மறுபடி போட்டுப் பார்த்தேன். ஈகிள்ஸ் 55, வாஷிங்டன் கமாண்டர்ஸ் 23. ஸ்கோரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான்காம் குவார்ட்டரில் ஒரு கூத்து நடந்ததே, அதைப் பற்றித்தான் கேள்வி.

பந்து வாஷிங்டனின் 1 யார்டு கோட்டில். அதாவது கோல் கோட்டுக்கு ஒரு யார்டுதான் மீதி, பந்தோடு அதைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. ஈகிள்ஸ் வழக்கம்போல டஷ் புஷ்ஷுக்கு (பந்து வைத்திருப்பவரைச் சக ஆட்கள் பின்னாலிருந்து தள்ளி முன்னேற்றும் ஆட்டம்) வரிசை கட்டுகிறார்கள். ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆவதற்கு முன்பே வாஷிங்டன் லைன்பேக்கர் ஃபிராங்கி லூவூ கோட்டுக்கு மேலே பறந்து வந்து விழுகிறார். கொடி. அதாவது நடுவர் ஃபவுல் அறிவிக்கிறார். அபராதம், கோல் கோட்டுக்கு மீதி இருக்கும் தூரத்தில் பாதி. ஒரு யார்டில் பாதி என்றால் ஒன்றரை அடி! மறுபடி வரிசை, மறுபடி லூவூ பறக்கிறார். அப்புறம் இன்னொரு வாஷிங்டன் ஆளும் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறார். கடைசியில் ரெஃபரி ஷான் ஹோக்குலி மைக்கைத் திறந்து, இது தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் புள்ளியையே கொடுத்துவிட முடியும் என்று வாஷிங்டனுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அறிவிக்கிறார்.

என் சந்தேகம் இரண்டு. பாதி, பாதியில் பாதி என்று போனால் அபராதத்துக்கு அர்த்தமே இல்லையே, டிஃபென்ஸுக்கு, அதாவது தடுக்கும் அணிக்கு, என்ன நஷ்டம்? இரண்டாவது, பந்து கோட்டைத் தாண்டாமலே ஆறு புள்ளி கொடுக்க ரெஃபரிக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா, இல்லை சும்மா மிரட்டலா?

வெள்ளைத்தொப்பி

அதிகாரம் உண்டு. ஆனால் டிவியிலும் மறுநாள் எல்லா இடத்திலும் இதை "அப்பட்டமான நியாயக்கேடு" விதி என்று சொன்னார்கள். அது வேறு விதி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் ஹோக்குலி செய்தது புரியும்.

என்.எஃப்.எல். விதிப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. புள்ளி விழாமல் தடுக்க டிஃபென்ஸ் அடுத்தடுத்து ஃபவுல் செய்யக்கூடாது. எச்சரித்த பிறகும் செய்தால் அந்தப் புள்ளி அஃபென்ஸுக்கே, அதாவது பந்து வைத்து ஆடும் அணிக்கே. லூவூ விஷயம் அச்சு அசலாக இதுதான். எச்சரிக்கை இந்த விதியின் ஒரு பகுதி. அதனால்தான் அவர் மைக்கில் சொன்னார். கோபத்தில் பேசிய பேச்சு இல்லை, விதி கேட்ட முதல் படி.

நியாயக்கேடு விதிக்கு எச்சரிக்கை தேவையில்லை. விதிப் புத்தகம் எழுதியவர்கள் கற்பனையே செய்யாத ஒரு காரியத்தால் ஆட்டம் கெட்டுப்போனால், நடுவர்கள் கூடிப் பேசி எது நியாயமோ அதைச் செய்யலாம். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1954 ஜனவரி 1, காட்டன் பவுல் என்ற கல்லூரி ஆட்டம். ரைஸ் அணியின் டிக்கி மேகில் தன் 5 யார்டு கோட்டிலிருந்து பந்தோடு பக்கக்கோட்டை ஒட்டி ஓடுகிறார், எதிரில் ஆளே இல்லை. அலபாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாமி லூயிஸ் ஹெல்மெட்கூடப் போடாமல் எழுந்து களத்துக்குள் பாய்ந்து அவரைச் சாய்த்துவிட்டார். ரெஃபரி கிளிஃப் ஷா 95 யார்டு டச்டவுன் என்று கொடுத்தார். ரைஸ் 28-6 என ஜெயித்தது. அலபாமாவின் அந்த ஒரே டச்டவுனை அடித்தவரும் இதே லூயிஸ்தான்.

கல்லூரி விதி இன்னும் நேரடி. "தூரத்தைப் பாதியாக்குவதைத் தவிர வேறு தண்டனை கொடுக்க முடியாத ஃபவுலை ஒரு அணி திரும்பத் திரும்பச் செய்தால்" என்று உங்கள் கேள்வியையே நியாயக்கேடு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது ரெஃபரி புள்ளி உட்பட எதையும் கொடுக்கலாம்.

நான் டெக்சஸில் ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு ரெஃபரியாக நிற்கிறேன். இங்கே அரசுப் பள்ளிகள் கல்லூரி விதியைத் தழுவித்தான் ஆடுகின்றன, அதனால் அந்தப் புத்தகம்தான் எனக்கு முதலில் வாயில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ்காரன்

நியாயக்கேடா? அப்படியென்றால் 2024 அக்டோபர் 12 அன்று அந்த விதி எங்கே போய்ப் படுத்திருந்தது?

நினைவில்லாதவர்களுக்கு: ஒரிகன் 32, ஒஹாயோ ஸ்டேட் 31. பத்து விநாடி பாக்கி. பந்து நம் ஒஹாயோ ஸ்டேட் கையில், ஃபீல்டு கோல் (உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) தூரத்துக்குப் போக இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒரிகன் டைம் அவுட் முடிந்து வருகிறது, களத்தில் பதினொருவருக்குப் பதில் அவர்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர்! நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) வில் ஹாவர்ட் எறிந்த பந்து தரையில் விழுகிறது. கொடி, 5 யார்டு, டவுனை (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் ஒன்று) திரும்ப ஆடலாம். ஆனால் கடிகாரத்தில் 6 விநாடி. போன நான்கு விநாடி போனதுதான். அடுத்த ஆட்டத்தில் ஹாவர்ட் ஓடிச் சறுக்கி விழுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பின்னர் நிருபர்கள் கேட்டபோது ஒரிகன் கோச் டான் லானிங், இந்த மாதிரிச் சூழ்நிலைகளை எல்லாம் பயிற்சியில் பார்த்திருக்கிறோம் என்கிற மாதிரி ஒரு சிரிப்போடு சொன்னார். வேண்டுமென்றே செய்ததை ஏறக்குறைய ஒப்புக்கொண்ட மாதிரிதான். பன்னிரண்டாவது ஆளை இறக்கி நேரத்தைத் திருடுவது நியாயக்கேடு இல்லை என்றால் வேறு எது?

வெள்ளைத்தொப்பி

கோபம் புரிகிறது. ஆனால் அந்த விதியின் வாசகத்தில் ஒரு பூட்டு இருக்கிறது: "விதிகளில் தனியாகச் சொல்லப்படாத" நியாயக்கேடு. பன்னிரண்டு பேர் ஆடுவது தனியாகச் சொல்லப்பட்ட ஃபவுல். பெயர் இருக்கிறது, 5 யார்டு என்று விலையும் எழுதியிருக்கிறது. பெயர் உள்ள ஃபவுலுக்கு, "இவன் மனசு சரியில்லை" என்று சொல்லி ரெஃபரி வேறு தண்டனை போட முடியாது. லூயிஸ் பெஞ்சிலிருந்து பாய்ந்ததற்கு அன்றைக்குப் பொருத்தமான விலை எதுவும் இல்லை, அதனால் ஷாவுக்குக் கை திறந்திருந்தது. ஒரிகன் ஆட்டத்து ரெஃபரிக்கு அப்படி இல்லை.

லானிங் கண்டுபிடித்தது விலைப்பட்டியலில் இருந்த ஓட்டை. ஃபுட்பால் அபராதம் பெரும்பாலும் தண்டனை அல்ல, ஈடு. கெடுத்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பது. யார்டு போனால் யார்டு, டவுன் போனால் டவுன். போனது நேரமாக இருந்து, கொடுப்பது யார்டாக இருந்தால் கணக்கு உதைக்கும். பத்து விநாடி இருக்கும் அணிக்கு 5 யார்டை விட நான்கு விநாடி பெரிது.

ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விளக்கம் வெளியிட்டது. ஒரு பாதியில் இரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது வரும் டைம் அவுட்டுக்குப் பிறகு டிஃபென்ஸ் 12 அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களோடு ஆடி, அத்தனை பேரும் ஆட்டத்தில் கலந்துகொண்டால், 5 யார்டோடு கடிகாரத்தையும் பழைய இடத்துக்குத் திருப்பக் கேட்கலாம். பன்னிரண்டாமவர் வெளியே ஓடிக்கொண்டிருந்து ஆட்டத்தைத் தொடவே இல்லை என்றால் வெறும் 5 யார்டு மட்டும். மனசைப் பார்க்கவில்லை பாருங்கள், கலந்துகொண்டாரா இல்லையா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இதே ஓட்டையை என்.எஃப்.எல். முன்பே அடைத்திருந்தது. 2012 பிப்ரவரி 5, சூப்பர் பவுல். ஜயன்ட்ஸ் 21-17 முன்னிலை, 17 விநாடி பாக்கி, களத்தில் ஜயன்ட்ஸ் பன்னிரண்டு பேர். எதிரணியான பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் பிரேடியின் பந்து வீணாகி, அபராதம் முடிந்து பார்த்தால் 9 விநாடி. அந்த முறை யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை, ஆள் மாற்றத்தில் குழப்பம்தான். ஆனாலும் அடுத்த சீசனிலேயே மாற்றிவிட்டார்கள்: ஸ்னாப் நெருங்கும்போது வரிசையில் 12 பேர் இருந்தால் உடனே விசில், ஆட்டமே தொடங்காது, கடிகாரமும் ஓடாது.

அப்புறம், 2025 ஜனவரி 1 ரோஸ் பவுலில் ஒரிகனை 41-21 என்று வட்டியோடு வசூல் பண்ணிவிட்டீர்களே, இன்னும் என்ன?

கொலம்பஸ்காரன்

அது வேறு, இது வேறு. :)

கணக்குப்பிள்ளை

வெள்ளைத்தொப்பி அண்ணன் சொன்ன "ஈடு" என்கிற வாதத்தைத்தான் நானும் பல வருஷமாகச் சொல்கிறேன், ஆனால் முடிவு எனக்கு வேறு. ஓட்டை தெரிந்தால் அதில் புகுவது கோச்சின் வேலை. டிக்கெட் விலையை விட அபராதம் குறைவாக இருந்தால் பாதி ரயில் டிக்கெட் இல்லாமல்தான் பயணம் செய்யும். அதற்குப் பயணியைத் திட்டி என்ன பயன்? அபராதத்தை ஏற்று.

2013 பிப்ரவரி 3 சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ரேவன்ஸ் 34-29 முன்னிலை, 12 விநாடி பாக்கி, தன் கோல் பக்கத்திலிருந்து பண்ட் அடிக்க (பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துவிட) வேண்டும். பண்டர் சாம் கோக் பந்தை உதைக்கவே இல்லை. எண்ட் ஸோனுக்குள், அதாவது கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியில், சுற்றிச் சுற்றி ஓடுகிறார். முன்னால் நிற்கும் ரேவன்ஸ் ஆட்கள் கையில் அகப்பட்டவனை எல்லாம் கட்டிப் பிடிக்கிறார்கள். சேஃப்டி (பந்தோடு தன் எண்ட் ஸோனில் ஆட்டம் முடிந்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளி), 34-31, ஆனால் கடிகாரத்தில் 4 விநாடி. எண்ட் ஸோனுக்குள் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்துவது) செய்தால் தண்டனையே சேஃப்டிதான். சேஃப்டி கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கு ஹோல்டிங் இலவசம். 2016இல் பெங்கால்ஸோடு ஆடும்போது ரேவன்ஸ் கோச் ஹார்பா இதையே இன்னும் பச்சையாகச் செய்தார். கோக் 11 விநாடியையும் ஓடியே தீர்த்தார், 19-14, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். 2017இல் விதி வந்தது: நேரத்தைக் கரைக்க ஒரே ஆட்டத்தில் பல ஃபவுல் செய்தால் 15 யார்டு, கடிகாரமும் திரும்பும்.

அப்போதைய பேட்ரியட்ஸ் கோச் பெலிசெக்கும் அப்படித்தான். 2019 சீசனில் ஜெட்ஸுக்கு எதிராக வேண்டுமென்றே தாமதம், ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன் அசைவது) என்று அபராதம் வாங்கி, ஓடும் கடிகாரத்தைக் கரைத்தார். 2020 ஜனவரி 4 பிளேஆஃப் ஆட்டத்தில் அவருடைய பழைய சிஷ்யர் வ்ரேபல், டைட்டன்ஸ் கோச்சாக வந்து, 14-13 முன்னிலையில் அதே வித்தையை குருவுக்கே காட்டினார். பெலிசெக் பக்கக்கோட்டில் நின்று கத்திய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கோடையிலேயே அதையும் மூடினார்கள்.

இத்தனையிலும் எந்த ரெஃபரியும் நியாயக்கேடு என்று கை வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. ஒரு ரெஃபரியின் மனசாட்சிக்கு ஆறு புள்ளி மதிப்பு கொடுத்தால், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ஆட்டம் நடக்கும். எனக்குக் கேட்டால் லூவூவுக்கும் எச்சரிக்கை, மிரட்டல் எல்லாம் வேண்டாம். பாதித் தூர அபராதம் தொடர்ந்து மூன்று முறை வந்தால் தானாகவே டச்டவுன் என்று எழுதிவிடுங்கள். முடிந்தது.

மூன்றாம்டவுன்

மூன்று என்று எழுதினால் டிஃபென்ஸ் இரண்டு முறை நிச்சயம் பாயும் இல்லையா? விலை எழுதி ஒட்டிய மாதிரி ஆகிவிடும். இப்போது இருக்கும் "ஒரு கட்டத்தில்" என்பதில் இருக்கும் பயம் போய்விடும்.

கிரிக்கெட்டில் 2010இல் தம்புள்ளையில் சேவாக் 99இல் நிற்கும்போது ரந்திவ் வேண்டுமென்றே நோபால் போட்டாரே! விதிப்படி ஒரு ரன் அபராதம்தான், அந்த ஒரு ரன்னே இந்தியாவை ஜெயிக்க வைத்து சேவாக்கின் சிக்ஸரைச் செல்லாமல் ஆக்கியது. அம்பயரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு இலங்கை போர்டுதான் ரந்திவை ஓர் ஆட்டம் உட்கார வைத்தது. விலை நிச்சயமாகத் தெரிந்தால் இப்படித்தான் நடக்கும்.

கணக்குப்பிள்ளை

இரண்டு முறை பாயட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, பந்து இன்னும் கோட்டுக்கு அருகில்தானே போகிறது.

நியூஜெர்சி_அம்மா

தம்பிகளா, நீங்கள் எல்லாம் சூப்பர் பவுல் பேசுகிறீர்கள், என் சந்தேகம் சின்னது. என் பையன் ஹைஸ்கூலில் கார்னர்பேக், எதிரணியில் பாஸ் பிடிக்க ஓடும் ரிசீவரை மறிப்பவன். போன வாரம் ஆட்டத்தில் எதிரணிக்கு மூன்றாவது டவுன், 20 யார்டு தேவை. பையன் ரிசீவரின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான், பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். அவ்வளவுதான், எதிரணிக்கு ஃபர்ஸ்ட் டவுன் (மறுபடி முதலிலிருந்து நான்கு வாய்ப்பு) கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் மறுபடி மூன்றாவது டவுன், 5 யார்டு என்றார்கள். பக்கத்தில் இருந்த அப்பாக்கள் எல்லாம் ரெஃபரிக்கு விதி தெரியவில்லை என்று கத்தினார்கள். டிவியில் பார்ப்பது ஒன்று, இங்கே நடப்பது ஒன்றா?

வெள்ளைத்தொப்பி

அக்கா, ரெஃபரி செய்தது சரி. கத்தியவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். விதியை வெள்ளிக்கிழமை ஹைஸ்கூல் ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உங்கள் மாநிலத்தில் ஹைஸ்கூல்கள் தேசியக் கூட்டமைப்பு விதியில் ஆடுகின்றன. அதில் 2013இலிருந்து இந்த ஃபவுலுக்கு 15 யார்டு மட்டும், தானாகக் கிடைக்கும் ஃபர்ஸ்ட் டவுன் கிடையாது. 20இல் 15 போக 5. அஃபென்ஸ் பக்கத்தில் இதே ஃபவுலுக்கு இருந்த டவுன் இழப்பையும் அதே ஆண்டு எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு, ஃபவுல் நடந்த இடம் அதற்குள் இருந்தால் அந்த இடம். எப்படியும் ஃபர்ஸ்ட் டவுன். என்.எஃப்.எல். மட்டும் ஃபவுல் நடந்த இடத்திலேயே பந்தை வைக்கும், 50 யார்டு தள்ளி நடந்தாலும் சரி. எண்ட் ஸோனுக்குள் என்றால் 1 யார்டு கோட்டில்.

இந்த மூன்றும் மூன்று விதமாக ஆட்டத்தை வளைக்கின்றன. கல்லூரியில் ஒரு கார்னர் முழுக்கத் தோற்றுப்போய், 45 யார்டு தள்ளி ரிசீவர் தனியாக ஓடுகிறார், பந்து காற்றில் வருகிறது என்றால், பிடித்து இழுத்துவிடுவது லாபம். 15 யார்டோடு போயிற்று. சில கோச்சுகள் இதை வெளிப்படையாகவே சொல்லிக் கொடுப்பார்கள். என்.எஃப்.எல்லில் அதே இழுப்புக்கு 45 யார்டும் போகும், அதனால் இழுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே குவார்ட்டர்பேக் கண்ணை மூடிக்கொண்டு தூரமாக எறிந்து கொடிக்காகக் காத்திருக்கும் வழக்கம் வந்துவிட்டது. எந்த விலை வைத்தாலும் யாரோ ஒருவர் அதில் வியாபாரம் பண்ணுவார்.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள்: கையை இழுக்காமல் பந்தைத் திரும்பிப் பார்த்தால் எங்களுக்குக் கொடி எடுக்கவே மனசு வராது. உடம்பு மோதினாலும் இருவரும் பந்துக்குப் போனார்கள் என்று விட்டுவிடுவோம்.

ஃபாக்ஸ்பரோ_பக்தன்

பந்தைப் பார்ப்பது என்றதும் பழைய புண் கிளறுகிறது. 2013 நவம்பர் 18, பேட்ரியட்ஸ் - பேந்தர்ஸ். 24-20 பின்தங்கி, கடைசி ஆட்டம், 18 யார்டு கோட்டிலிருந்து பிரேடி எண்ட் ஸோனுக்கு எறிகிறார். பேந்தர்ஸின் கீக்லி, எங்கள் கிராங்கோவ்ஸ்கியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறார். பந்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற இன்னொரு பேந்தர் பந்தைப் பிடித்துவிட்டார். கொடி விழுந்தது. பிறகு நடுவர்கள் கூடிப் பேசி, கொடியை எடுத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார்கள். கொடி நின்றிருந்தால் 1 யார்டு கோட்டில் நேரமில்லாத ஒரு டவுன். "பிடிக்க முடியாத பந்து" என்றார்கள். கட்டிப்பிடித்தால் எப்படிப் பிடிக்க முடியும்?

வெள்ளைத்தொப்பி

அந்த ஆட்டத்தை எங்கள் பயிற்சி வகுப்பிலேயே போட்டுப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

விதி சொல்வது "தெளிவாக" பிடிக்க முடியாத பந்து என்று. அந்தத் தெளிவு யாருக்கு எதிராக வேலை செய்கிறது என்பதுதான் வாதம். கொடியை எடுத்தவர்கள் பார்த்தது: பந்து குறைவாக விழுந்தது, கிராங்கோவ்ஸ்கியின் வேகம் பின்பக்கமாக இருந்தது, பந்து முன்னாலேயே இன்னொருவர் கையில் முடிந்தது. எதிர்த் தரப்பு வாதம்: அவர் பின்பக்கமாகப் போனதே கீக்லி தள்ளியதால். ஃபவுலால் உண்டான நிலையை வைத்து ஃபவுல் இல்லை என்று சொல்லக்கூடாது. நான் இரண்டாவது கட்சி. ஒருவரின் கால் பந்துப் பக்கம் திரும்ப வாய்ப்பே தராமல் கட்டிப்பிடித்தால், பந்து பிடிக்க முடியாதது என்பதில் "தெளிவு" எங்கே?

பந்து எறிந்தாகிவிட்டதால் இல்லீகல் காண்டாக்ட் (ரிசீவரை விதிக்கு மாறாக இடிப்பது) என்ற ஃபவுலும் கிடையாது. அது குவார்ட்டர்பேக் கையில் பந்து இருக்கும் வரைதான். அதனால் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய் நின்றது.

கொடியை எடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். கூடிப் பேசுவது நல்ல வழக்கம். விளக்கம் சொல்லாமல் ஓடியதுதான் தப்பு.

செயின்கேங்

கேள்வி: இரண்டு பக்கமும் கொடி விழுந்தால் "ஆஃப்செட் (ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது), டவுனைத் திரும்ப ஆடு" என்று முடித்துவிடுகிறார்களே, ஒருவர் 5 யார்டு தப்பு, மற்றவர் 15 யார்டு தப்பு செய்தாலும் சமமா? அப்புறம் நடுவில் இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) ஆகியிருந்தால்?

வெள்ளைத்தொப்பி

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

கல்லூரி விதியில் ஆட்டம் நடக்கும்போது இரு பக்கமும் ஃபவுல் என்றால் அளவைப் பார்ப்பதில்லை, சமம். என்.எஃப்.எல்லில் ஒரு விலக்கு உண்டு: ஒரு பக்கம் வெறும் 5 யார்டு ஃபவுல், மறுபக்கம் 15 என்றால், பெரியதை மட்டும் நடைமுறைப்படுத்துவார்கள். "வெறும்" என்பதைக் கவனியுங்கள். டிஃபென்ஸிவ் ஹோல்டிங் 5 யார்டுதான், ஆனால் கூடவே ஃபர்ஸ்ட் டவுன் வருவதால் அது வெறும் 5 ஆகாது. விசிலுக்குப் பிறகு செய்யும் ஃபவுல் ஆட்டத்துக்குள் நடந்ததோடு சேராது. நடந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போடுவோம்.

இன்டர்செப்ஷன் வந்தால் "சுத்தமான கை" என்று நாங்கள் சொல்லும் கொள்கை. ஓர் ஆட்டம் சொல்கிறேன். நீல அணிக்குத் தன் 40இல் மூன்றாவது டவுன், 8 தேவை. பாஸ். நீல டேக்கிள் (முன்வரிசை ஆள்) ஹோல்டிங் செய்கிறார். சிவப்பு அணி தன் 30இல் பந்தைப் பிடித்து, 50 வரை ஓடி விழுகிறது. வழியில், சிவப்பின் 40இல், இன்னொரு சிவப்பு ஆள் முதுகில் தள்ளிவிடுகிறார்.

முதல் கொடி எறிந்த நடுவர் எறிந்துவிட்டு நிற்க மாட்டார், ஆட்டம் சாகும் வரை பார்த்துக்கொண்டே ஓடுவார். விசில். எல்லோரும் கையை மேலே தூக்கி ஆட்டிக் கடிகாரத்தை நிறுத்துகிறோம். ஒருவர் கொடி மேலே காவல் நிற்பார், அபராதம் முடியும் வரை அதை எடுக்கக்கூடாது, எடுத்தால் இடம் போச்சு. கொடி எறிந்தவர்கள் என்னிடம் வந்து காதருகில் சொல்வார்கள்: என்ன ஃபவுல், எந்த அணி, எந்த எண், அப்போது பந்து யாரிடம். அந்தக் கடைசிச் சொல்தான் உயிர். "இரண்டாவது ஃபவுல் பந்து கைமாறின பிறகு" என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. சிவப்பின் கை பந்து வரும்வரை சுத்தம். அதனால் ஆஃப்செட்டை மறுத்துப் பந்தை வைத்துக்கொள்ளலாம், தன் ஃபவுலுக்கான விலையை மட்டும் கொடுத்தால் போதும். ஓட்டம் முடிந்த இடம் 50, ஃபவுல் அதற்குப் பின்னால், பந்து வைத்திருக்கும் அணியின் ஃபவுல். ஆகவே ஃபவுல் நடந்த 40இலிருந்து 10 பின்னால். சிவப்புக்குத் தன் 30இல் முதல் டவுன். பக்கக்கோட்டு நடுவர் சிவப்பு கோச்சிடம் ஒப்புக்குக் கேட்பார். யாராவது பந்தைத் திருப்பிக் கொடுப்பார்களா?

அம்பயர் பந்தோடு யார்டு நடப்பார், எதிரே லைன்ஸ்மேன் தனியாக நடந்து சரிபார்ப்பார். இரண்டு பேரும் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். டவுனை நினைவில் வைக்க எங்கள் எல்லோர் கையிலும் மணிக்கட்டிலிருந்து விரலில் மாட்டும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். மூன்றாம் டவுன் என்றால் மூன்றாம் விரல். இந்த மாதிரிக் குழப்பத்தில் அதை அவசரப்பட்டு மாற்றக்கூடாது. அரங்கத்தில் யாருக்கும் என்ன டவுன் என்று தெரியாத நேரத்தில் அந்த ரப்பர்தான் சாட்சி.

நியூ_ஆர்லியன்ஸ்_நந்தி

இவ்வளவு பேசிவிட்டு 2019 ஜனவரி 20 பற்றி ஒருவரும் பேசவில்லை! ராம்ஸ் 26, செயின்ட்ஸ் 23. ராம்ஸின் ராபி-கோல்மன் பந்து வருமுன்பே செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸை அடித்து வீழ்த்தினார், கொடி இல்லை.

வெள்ளைத்தொப்பி

அதில் விளக்க ஒன்றுமில்லை நந்தி. விதி தெளிவு, எல்லோருக்கும் தெரிந்த ஃபவுல், எறிய வேண்டிய இரண்டு பேர் எறியவில்லை. அடித்தவரே ஃபவுல் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த சீசனில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸை ரீப்ளேயில் பார்க்க வழி செய்தார்கள், ஒரே வருஷத்தில் கைவிட்டார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பாதி ஆட்டத்தில் ஃபவுல் தெரியும், அதுதான் சிக்கல்.

கணக்குப்பிள்ளை

2025 மே மாதம் டஷ் புஷ்ஷையே தடை செய்ய வாக்கெடுத்தார்கள், 22-10. தேவை 24, இரண்டு வாக்கு குறைந்து தோற்றது. டஷ் புஷ் நீடிக்கும்வரை லூவூ மாதிரி ஆட்கள் பாய்வார்கள். என் மூன்று முறை யோசனை இன்னும் மேசையில் இருக்கிறது.

வெள்ளைத்தொப்பி

போகட்டும், ஒரு புதிர். கல்லூரி விதி. நீலம் 4 புள்ளி பின்னால், டைம் அவுட் எதுவும் இல்லை. எதிரியின் 8இல் மூன்றாவது டவுன், 2 விநாடி. பாஸ் தரையில் விழுகிறது, கடிகாரம் பூஜ்யம். இரண்டு கொடி: எண்ட் ஸோனில் சிவப்பின் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், 12இல் நீல கார்டின் ஹோல்டிங்.

மூன்றாம்டவுன்

ஆஃப்செட். ஆட்டம் நீள்கிறது, நேரமில்லாத ஒரு டவுன், மறுபடி 8இல் மூன்றாவது டவுன்.

வெள்ளைத்தொப்பி

சரி. இப்போது கார்ட் செய்தது ஹோல்டிங் இல்லை, ஸ்னாப்புக்கு முன் அசைந்துவிட்டார்.

செயின்கேங்

ஃபால்ஸ் ஸ்டார்ட் என்றால் ஆட்டமே தொடங்கவில்லை. பாஸும் இல்லை, இன்டர்ஃபியரன்ஸும் இல்லை. 2 விநாடியைத் திருப்பி வைத்து, 5 யார்டு பின்னால், 13இலிருந்து ஆடலாம்.

கணக்குப்பிள்ளை

அவசரப்படாதீர்கள். ஸ்னாப்புக்கு முன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? முந்தைய டவுனில் என்ன நடந்தது என்று அண்ணன் சொல்லவே இல்லையே.

வெள்ளைத்தொப்பி

முந்தைய டவுனில் பந்தோடு ஓடியவர் களத்துக்குள்ளேயே விழுந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளை

அப்போ கடைசி நேரத்தில் ஓடிய கடிகாரத்தை ஃபவுல் நிறுத்தியதால், சிவப்பு 10 விநாடி கழிவைக் கேட்கும். இருப்பது 2. நீலத்திடம் அதைத் தடுக்க டைம் அவுட்டும் இல்லை. 5 யார்டை யாரும் நடக்க வேண்டிய வேலையே இல்லை, ஆட்டம் முடிந்தது.